பதினான்கு அறை வீட்டைப் பார்க்கிறவர்

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டதால்தான் இதை எழுத எனக்குத் துணிவு வந்திருக்கிறது. வேறு மாதிரி முடிந்திருந்தால் நான் கனடாவுக்குப் போய் வந்ததையே வெளியில் விட்டிருக்கமாட்டேன்.

போனது தொண்ணூற்றேழு மே மாதக் கடைசியில். கேட்டவர்களிடமெல்லாம், மாமா மகன் தேவன் ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டிருக்கிறான், இடம் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். உண்மையில் போனது மாப்பிள்ளை பார்க்க. என் அக்காவின் மகள் சுகந்திக்கு இருபத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸில் ஒண்டியிருந்த காலத்தில் அவளுக்கு இரண்டு சம்பந்தம் பேசி இரண்டும் குழம்பின. மூன்றாவதுதான் ரவீந்திரன். ஏழாலைப் பிள்ளை, கனடாவில் வேலை, சாதகம் பொருத்தம். படத்தைப் பார்த்துவிட்டு சுகந்தி "ஓம்" என்றாள். முந்திய இரண்டுக்கும் அவள் வாயே திறக்கவில்லை.

பிறகு மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. அதில் ஒரு வரி: "இங்கே முன்பு வெள்ளிச் சுரங்க முதலாளி ஒருவர் கட்டிய வீடு ஒன்று பார்க்கிறேன். பதினான்கு அறைகள், ஏரிப் பக்கம்."

அக்கா அதை மூன்று தரம் வாசித்தா. பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிட்டது, எங்கள் மருமகன் கனடாவில் பதினான்கு அறை வீடு வாங்கப்போகிறார் என்று. அத்தோடு விடாமல், "அத்தனை அறையையும் கூட்டித் துடைக்க ஆள் இருக்கிறதோ?" என்று பதில் எழுதினா. "ஆள் இல்லை, நான்தான் கூட்டுகிறேன்" என்று மாப்பிள்ளை எழுதினார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பார், எவ்வளவு வசதி இருந்தும் தலைக்கனம் இல்லாத பிள்ளை!"

நான் இருபத்திரண்டு வருடம் நொத்தாரிசு ஒருவரிடம் காணி உறுதிப் பத்திரம் எழுதும் வேலை பார்த்தவள். ஒரு சொல் இரண்டு பக்கமும் சாய்ந்தால் காணியும் சாய்ந்துவிடும் என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவள். அதனால் அக்கா என்னைத்தான் பிடித்தா. "வீட்டின்ரை உறுதி ஆற்றை பேரிலை கிடக்கெண்டு பாத்திட்டு வா. ஆளையும் பார். அவருக்குத் தெரியாமல் பார். சொன்னது பொய்யெண்டால் இதையும் விட்டிடுவம்."

விமான நிலையத்தில் சுகந்தி என் பையைத் தூக்கித் தந்துவிட்டு, "சின்னம்மா, குழப்பிப்போட்டு வந்திடாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வசனம் விமானம் முழுக்க என்னோடு வந்தது.

தேவனின் வீடு மோர்னிங்சைட்டில், பதினோராம் மாடியில். மின்தூக்கியில் ஏறினால் ஒவ்வொரு மாடியிலும் யார் வீட்டில் என்ன கறி என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் மாடி நெத்தலிப் பொரியல், ஏழாம் மாடி தாளித்த பருப்பு. வெள்ளவத்தையில் இருந்து புறப்பட்டு வெள்ளவத்தைக்கே வந்து இறங்கியது மாதிரி இருந்தது. குளிர் மட்டும் பிந்திப் போகிற குளிர். மே மாதத்திலும் தேவனின் மனைவி வனிதா என்னை ஒரு தடித்த கோட்டுக்குள் ஏற்றித்தான் வெளியில் விட்டாள்.

மறுநாள் வோபர்னில் ஒரு தமிழ்க் கடைக்குப் போனோம். உறைந்த முருங்கைக்காயும், உறைந்த சேனையும், உறைந்த இடியப்பமும் கல்லுக் கல்லாகக் கிடந்தன. மாப்பிள்ளையின் கடித உறையில் இருந்த ஊரைப் பற்றிக் காசாளரிடம் மெல்ல விசாரித்தேன்.

"தம்பி, கோபால்ட் எண்ட இடம் தெரியுமோ?"

"கோபாலோ? எந்தக் கோபால், அக்கா?"

"ஆளில்லை, ஊர். வடக்கை. முந்தி வெள்ளி கிண்டின இடமாம்."

வரிசையில் பின்னால் நின்றவர் கேளாமலே குறுக்கே வந்தார். "அங்கை தமிழாக்கள் ஒருத்தரும் இல்லையே. ஆறேழு மணித்தியால ஓட்டம். தமிழன் ஒருத்தன் தனிய உவ்வளவு தூரம் போய் இருக்கிறானெண்டால், அவன் இஞ்சை ஆருக்கும் முகம் காட்டேலாமல் போனவனாத்தான் இருப்பான்."

அவர் மஞ்சள்தூளை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. குடிகாரனோ, அங்கே ஒரு வெள்ளைக்காரியோடு குடும்பமாக இருக்கிறவனோ என்று மனம் தன்பாட்டில் கதை கட்டியது.

வெள்ளிக்கிழமை காலை தேவனின் பழைய வான் வண்டியில் புறப்பட்டோம். வெள்ளி என்றபடியால் வனிதா மரக்கறிச் சாப்பாடுதான் கட்டித் தந்தாள்: இடியப்பம், பிளாஸ்கில் சொதி, கடதாசியில் சுற்றிய உழுந்து வடை. "வெள்ளி பாக்க வெள்ளிக்கிழமையோ, மச்சாள்?" என்று தேவன் பகிடி விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூரம் ஏறத்தாழ கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற மாதிரித்தான், கொஞ்சம் கூட. ஆனால் ஓர் ஆமிச் சென்றி இல்லை. யாரும் இறக்கிச் சோதிக்கவில்லை, பையைக் கொட்டச் சொல்லவில்லை. எனக்குத்தான் கை அடிக்கடி கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்தது. பாறை, காடு, ஏரி. மறுபடி பாறை, காடு, ஏரி. அரை மணித்தியாலம் போனாலும் ஒரு சைக்கிள் கண்ணில் படாது. வீதியோரப் பலகையில் மாட்டுக்கும் மரைக்கும் இடைப்பட்ட ஒரு மிருகத்தின் படம் போட்டுக் கவனம் என்று எழுதியிருந்தார்கள். மனிதரைக் கண்டு கவனமாக இருக்கச் சொல்லும் பலகைகளையே பார்த்துப் பழகிய எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

நோர்த் பே தாண்டி ஒரு மணித்தியாலத்தில் வானுக்கு அடியில் டமார் என்றது. சைலன்சர் கழன்று வீதியில் இழுபட்டது. இறங்கி நின்ற அடுத்த நிமிடம் கடுகு மாதிரிக் கறுப்பு இலையான்கள் மொய்த்துவிட்டன. நுளம்பு குத்தும், இவை கடித்துச் சதை எடுக்கின்றன. வன்னியில் இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ் படுத்தபோதுகூட நான் இப்படிக் கடி வாங்கியதில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வீதியோரத்தில் நின்று அக்காவையும் அவவின் பதினான்கு அறையையும் வாய்விட்டுத் திட்டினேன்.

ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கிய வெள்ளைக்காரர் ஒன்றும் கேட்காமல் வானுக்கு அடியில் படுத்தார். எழும்பி, கம்பி இருக்கிறதா என்று கேட்டார். என் கோட்டைக் கொழுவியிருந்த கம்பி ஹங்கரைக் கொடுத்தேன். அதை நிமிர்த்திச் சைலன்சரைத் தூக்கிக் கட்டிவிட்டு, "ஓடும். ஆனால் இனிமேல் நீங்கள் வருவது எல்லோருக்கும் தெரியும்" என்றார். நன்றிக்கு இரண்டு வடை கொடுத்தோம். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஓட்டை இருக்கிறது, சீனியைக் காணோம்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். பிறகு மற்றதையும் சாப்பிட்டார்.

அவர் சொன்னது பலித்தது. மாப்பிள்ளையை அவருக்குத் தெரியாமல் தூர நின்று பார்ப்பதுதான் எங்கள் முறை. கோயிலில் தூணுக்கு மறைவில் நின்றோ, பேருந்து நிலையத்தில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டோ பார்ப்பார்கள். நாங்கள் கோபால்டுக்குள் நுழைந்தபோது சைலன்சர் போட்ட கத்தலில் வீட்டுக்கு வீடு திரைச்சீலை விலகியது. உள்ளே சேலையும் பொட்டுமாக நான். தேவன் சிரித்துச் சிரித்து வளைவுகளில் வானைத் தடுமாற விட்டான். மோட்டலில் இறங்கும்போது எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

சனிக்கிழமை காலை நடந்தே ஊரைப் பார்த்தோம். நேரான வீதி ஒன்றும் இல்லை. வெள்ளி கிடைத்தது என்று கேட்டவுடன் ஓடிவந்தவர்கள் பாறை எங்கே இடம் விட்டதோ அங்கே வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். பிறகு வீதிதான் வீடுகளைச் சுற்றி நெளிந்து போயிருக்கிறது. ஒரு கடையின் கூரைக்கு மேலால் பழைய சுரங்கத்தின் மரக் கோபுரம் நீட்டிக்கொண்டு நின்றது. யாரோ ஒரு கொல்லன் நரிக்குச் சுத்தியலை எறிய, அது பாறையில் பட்டு வெள்ளி வெளிப்பட்டதாம். தேநீர்க் கடையில் அப்படிச் சொன்ன கிழவரே அது கட்டுக்கதை என்றும் சொன்னார். வெள்ளி முடிந்ததும் வந்த சனம் வந்த வேகத்தில் போய்விட்டது. மிச்சம் இருந்தவர்கள் வீட்டு முற்றத்தில் பூக்கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீடு குன்றின் மேல். மூன்று தட்டு, சுற்றி விறாந்தை, செங்கல் புகைபோக்கி நான்கு. என் தொழில் புத்தி எல்லை எழுதத் தொடங்கிவிட்டது: கிழக்கு ஏரி, வடக்கும் தெற்கும் பாறை, மேற்கு ஒழுங்கை. கதவுக்கு முன்னால் எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். நாங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம்.

கதவு திறந்தது. படத்தில் பார்த்த அதே முகம். ஆனால் உடம்பில் நூறு வருடத்துக்கு முந்திய கறுப்புக் கோட்டு, உள்ளே பட்டு மேற்சட்டை, அதில் சங்கிலி கோத்த மணிக்கூடு.

"மச்சாள், மாப்பிள்ளை உடுப்போடையே நிக்கிறார்" என்று தேவன் காதுக்குள் சொன்னான்.

நான் அப்போதும் திருந்தவில்லை. இந்த நாட்டுப் பெரிய வீட்டுக்காரர்கள் சனி ஞாயிறில் வீட்டைச் சனங்களுக்குத் திறந்து காட்டுவார்களாக்கும், என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன்.

சாப்பாட்டு அறையில் மேசை நிறைய வெள்ளிச் சாமான். ஒரு பெண்மணி, "இந்த ஊர்ச் சுரங்கத்து வெள்ளியா?" என்று ஆசையோடு கேட்டா. ரவீந்திரன் இல்லை என்று தலையாட்டினார். "முதலாளி குடும்பம் நல்லதையெல்லாம் கொண்டுபோய்விட்டது. இது முலாம் பூசியது. பின்பக்கம் தேய்ந்து பித்தளை தெரிகிறது, பாருங்கள்" என்று ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. ஓம் என்று சொல்லியிருந்தால் அங்கே யார் அவரைப் பிடித்திருக்கப் போகிறார்கள்?

மாடிப்படியில் அவர் எங்களுக்குப் பக்கத்தில் வந்தார். தமிழர் கேட்கும் முதற் கேள்வியைக் கேட்டார்.

"அன்ரி ஊரிலை எவடம்?"

"மட்டக்களப்பு" என்றேன், முன்யோசனையில்லாமல்.

"கதை யாழ்ப்பாணத்து வலிகாமக் கதையாக் கிடக்கு" என்று சிரித்தார். மேலே ஒன்றும் கிண்டவில்லை. மற்றவர்கள் புறப்பட்டுப் போன பிறகு, "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். ரெண்டு வருசமாய் நான் இஞ்சை நேரிலை ஒருத்தரோடையும் தமிழ் கதைக்கேல்லை" என்றார்.

பின் விறாந்தையில் இருந்தோம். தேத்தண்ணி நல்ல சாயம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எனக்குத் தெரிந்த வழியில் தொடங்கினேன்.

"வீடு நல்ல வீடு, தம்பி. உறுதி எப்ப எழுதப்போறியள்?"

"என்ன உறுதி?"

"வீட்டுறுதிதான். வீடு பாக்கிறனெண்டு எழுதினியள்..." சொல்லி முடிக்கமுன் நாக்கைக் கடித்தேன். தேவன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ரவீந்திரன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எழும்பி நின்றார். "நீங்கள்... சுகந்தியின்ரை சின்னம்மாவோ?"

இனி மறைத்து என்ன. ஓம் என்றேன்.

"நான் எழுதினது சரிதானே. வீடுதான் பாக்கிறன். பொயிலர் எரிக்கிறன், பனி கொட்டினால் சினோ தள்ளுறன், கூட்டுறன், சனம் வந்தால் இந்த அந்தக்காலத்து உடுப்போடை காட்டுறன். இது டவுன்காறற்றை, நகரசபையின்ரை வீடு. நான் இதைப் பாக்கிறவன்."

அந்தச் சொல் அப்போதுதான் எனக்கு மறுபக்கம் திரும்பியது. பிள்ளை பார்க்கிறாள் என்றால் பிள்ளை வாங்கப் போகிறாள் என்றா அர்த்தம்? மாடு பார்க்கிறான், கடை பார்க்கிறான், நோயாளியைப் பார்க்கிறாள். இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் உறுதியில் ஓட்டை பிடித்த எனக்கு, வீட்டுக் கடிதத்தில் இது தெரியவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

நடந்ததை முழுவதும் சொன்னேன். ஒழுங்கை, அனெக்ஸ், கூட்டுகிற ஆள், எல்லாம். கூட்டுகிற இடத்தில் தேவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். ரவீந்திரன் சிரிக்கவில்லை.

"அப்ப நான் பொய் சொன்னவனாப் போனன், என்ன?"

"இல்லைத் தம்பி. நாங்கள்தான் பிழையா வாசிச்சம்."

ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன். கடையில் நின்றவரின் கதை இன்னும் மனதுக்குள் கிடந்தது. ஊரில் பொயிலர் வேலை பழகியவராம். ரொறன்ரோவில் ஒரு சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டு இருந்தபோது, இந்தப் பழைய நீராவிப் பொயிலரைப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாராம். "அங்கை ஏழு பேருக்கு ஒரு அறை. இஞ்சை பதினாலு அறைக்கு நான் ஒருத்தன்."

வாசலில் வந்த சனத்தை எண்ணிக்கொண்டு நின்ற டோனா என்ற அம்மா எங்களை அவரின் சொந்தக்காரர் என்று நினைத்து வந்து கை கொடுத்தா. போன குளிர்காலத்தில் மின்சாரம் போய்விட்டதாம். குழாய் உறைந்து வெடித்தால் வீடு போய்விடும் என்று இவர் மூன்று நாள் நிலவறையில் பொயிலரோடேயே படுத்தாராம். "இவர் இல்லாவிட்டால் இந்த வீடு இப்போது இல்லை" என்றா. நான் கேளாமலே கிடைத்த சாட்சி அது.

அவர் இருந்தது பின்னால் குதிரை வண்டி நிறுத்திய கட்டடத்தின் மேல், இரண்டு அறையில். விட்டேனா, போய்ப் பார்த்தேன். மதுப் போத்தல் இல்லை, வேறு பெண்ணின் அடையாளம் இல்லை. சுவரில் பிள்ளையார் கலண்டர், அலுமாரியில் ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் எடுப்பித்த மிளகாய்த்தூள். சோறும் பருப்பும் தகரமீன் கறியும் வைத்துத் தந்தார். கறியில் உப்புக் கூட. மூன்று நாளுக்குப் பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

தேவன் மோட்டலுக்கு நடந்து போய்க் கொண்டுவந்த வானில் ஏறும்போது அவர் என் பக்க யன்னலுக்கு வந்தார். "உள்ளதைச் சொல்லுங்கோ, அன்ரி. வேண்டாமெண்டால் நான் கோவிக்கமாட்டன்." போய்விடுவார் என்று பார்த்தால் நின்றார். மணிக்கூட்டுச் சங்கிலியைத் திருகிக்கொண்டு, "குளிர்காலம் தொடங்கினால் இஞ்சை சினோ சப்பாத்து அளவுக்குக் கிடையாது. இப்ப வாங்கி வைச்சால்தான். அவவின்ரை கால் அளவு தெரியுமோ?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிறு திரும்பும் வழி முழுக்க தேவன் எனக்கு யோசனை சொன்னான். "மச்சாள், ஏன் பயப்பிடுறியள்? பதினாலு அறைத் திறப்புக் கோர்வையும் அவன்ரை கையிலைதானே. வீடு இருக்கு, மாப்பிள்ளை அதுக்குள்ளை நிக்கிறார் எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லையே. இஞ்சை எங்கடையாக்கள் வாங்கின வீடுகளும் பாங்க்காறன்ரைதான். எல்லாரும் வீடு பாக்கிறவைதான்."

எனக்கும் ஆசை வந்தது. வசனம்கூட மனதில் அமைந்துவிட்டது: "வீடு முழுவதும் மாப்பிள்ளையின் பொறுப்பில் இருக்கிறது." எந்த நொத்தாரிசும் குறை சொல்ல முடியாத வசனம். றிச்மண்ட் ஹில் வந்ததும் பேவியூ வீதிக் கோயிலுக்கு வானைத் திருப்பினான் தேவன். கையில் பிரசாதமாகக் கிடைத்த சூடான சர்க்கரைப் புக்கையோடு சப்பாத்து வைக்கும் இடத்தில் நின்று யோசித்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டிய ஆளைப் பற்றி நான் முலாம் பூசிச் சொல்வதா? சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு புக்கை ருசித்தது.

திங்கள் காலை, கொழும்பில் மாலை நேரம் பார்த்து டெலிபோன் எடுத்தேன். அக்காதான் பேசினா. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"காவல்காறனோ?" என்று அக்கா கத்தியது வனிதாவின் குசினிவரை கேட்டது. "ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே! இனிச் சனத்தின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? இந்தா, பிள்ளையிட்டைக் குடுக்கிறன். வேண்டாமெண்டு நீயே சொல்லு!"

ரிசீவர் கைமாறும் சத்தம் கேட்டது. சுகந்தி "ம்" என்றாள்.

ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். இரண்டு அறைதான், மற்றவர்களின் வீடு, ஆறு மாதம் பனி, பேசுவதற்கு ஒரு தமிழ்ச் சனம் இல்லை. ஆள் உள்ளதைச் சொல்லுகிற ஆள். கறிக்கு உப்புக் கூடப் போடுவார். பின்னால் அக்கா பதினான்கு அறையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவது கேட்டது.

"இன்னொண்டு, பிள்ளை. சினோ சப்பாத்து வாங்கவேணுமாம். உன்ரை கால் அளவு என்னவெண்டு கேட்டவர்."

அக்காவின் அழுகைகூடக் கேட்கவில்லை. டெலிபோன் காட்டில் காசு முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"அஞ்சு எண்டு சொல்லுங்கோ, சின்னம்மா" என்றாள் சுகந்தி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சப்பாத்துக்குள்ளை தடிச்ச மேசு போடுறதெண்டால் ஆறு" என்றாள்.